மட்டையேந்தும் மைந்தர்கள்

 

திருச்சியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில் திருவெறும்பூரைக் கடந்தால் துவாக்குடி. பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும், அந்த ஆலையின் ஆர்டர்களை நம்பி உயிர்வாழும் பட்டறைகளும், 1964ல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக ஓங்கி நிற்கும் கல்விக்கூடமும், சற்றுத் தொலைவில் படைக்கலத் தொழிற்சாலையும் சூழ்ந்த பகுதி அது. இங்கே ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச்செழுந்தால் நம் காதில் விழும் சொற்கள் என்ன? வெல்டிங், பிட்டர், பாலிடெக்னிக், துபை, சவூதி. ஹாக்கி என்னும் சொல் அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை. தப்பித் தவறி இடம்பெற்றாலும், "விளையாட்டு சோறு போடுமா?" என்ற ஒரே கேள்வியில் அது அடங்கிவிடும்.

அந்தக் கேள்வியை நாம் குறை கூறப் போவதில்லை. வியர்வை சிந்திச் சம்பாதிக்கும் ஓர் அத்தா கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால், கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் எழுந்து போய்விடுகிறோமே, அங்கேதான் குறை இருக்கிறது. உங்கள் மகன் மாலை தோறும் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் முன்களத்தில் ஆடுகிறான், கோல் அடிக்கிறான், ஆசிரியர் அவனைப் புகழ்கிறார். அவன் தொழில்முறை வீரனாக உயர்வதற்கு எத்தனை படிகள் உண்டு? எந்தப் படியில் எத்தனை பேர் உதிர்ந்து போகிறார்கள்? வீடு என்ன செய்ய வேண்டும்? இவற்றைத் தெரிந்துகொண்டு "ஆகட்டும்" என்று சொன்னாலும் நன்று; "வேண்டாம்" என்று சொன்னாலும் நன்று. தெரியாமல் சொல்லும் இரண்டுமே பிள்ளைக்குச் செய்யும் அநீதியாகிவிடும்.

மார்க்கம் தடுக்கிறதா?

விளையாட்டு என்றாலே வீண் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. பலவீனமான இறைநம்பிக்கையாளரைக் காட்டிலும் பலமுள்ளவர் அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்றும், இருவரிடத்திலும் நன்மை உண்டு என்றும் பொருள்படும் நபிமொழி முஸ்லிம் நூலில் இடம்பெறுகிறது. தொழுகையை மறக்கடிக்காத, சூதாட்டம் கலவாத, உடலை வலுப்படுத்தும் விளையாட்டுக்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதே அறிஞர் பெருமக்களின் பொதுவான கருத்து.

நம் சமுதாயத்துக்கு ஹாக்கி புதியதும் அன்று. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் கோல் காப்பாளராக இருந்தவர் தமிழகத்தின் முனீர் சேட். 1980ல் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் மாஸ்கோவில் இந்தியா தங்கம் வென்றபோது, 20 வயதே நிரம்பிய காசி நகரத்து முஹம்மது ஷாஹித் முன்களத்தில் நின்றார். மட்டையின் முனையில் பந்தை ஒட்டவைத்தது போல் எதிரணியினரைக் கடந்து செல்லும் அவரது ஆட்டத்தை இன்றும் மூத்த ரசிகர்கள் பேசி மகிழ்கிறார்கள். 1986ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சென்னையின் முஹம்மது ரியாஸ் 1996 அட்லாண்டா, 2000 சிட்னி ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளில் நடுக்கள வீரராக ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார்.

முன்கள வீரன் யார்?

ஹாக்கி மைதானம் ஏறத்தாழ 91 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உடையது. கோலுக்கு முன்னே ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவில் ஒரு வளைவுக்கோடு வரையப்பட்டிருக்கும். அந்த வட்டத்துக்குள்ளிருந்து அடித்த பந்து மட்டுமே கோலாகக் கணக்கில் வரும். ஆகவே, முன்கள வீரனின் வேலை முழுவதும் அந்தச் சிறு பரப்பை நோக்கியே அமைகிறது. அங்கே பந்து அவன் மட்டைக்கு வந்து, அவன் அடிக்க வேண்டிய நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. எதிரே பாதுகாப்புக் கவசம் பூண்ட கோல் காப்பாளர். இருபுறமும் இரு தற்காப்பு வீரர்கள். சிந்தித்துவிட்டு அடிக்க அவகாசம் கிடையாது. ஆயிரம் முறை பழகிய கை, தானே அடிக்க வேண்டும்.

1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கிலிருந்து உயர்மட்டப் போட்டிகள் செயற்கைப் புல்தரைக்கு மாறின. நம்மூர்ப் பள்ளிகளிலோ பெரும்பாலும் மண் தரைதான். மண்ணில் பந்து துள்ளும், திசை மாறும். அதில் பழகிய பிள்ளைக்குக் கண்ணும் கையும் கூர்மையாகும் என்பது உண்மை. ஆனால், நீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து வழுக்கிப் பறக்கும். குனிந்த நிலையிலேயே ஓட வேண்டும். மண்ணிலேயே பதினெட்டு வயது வரை ஆடிய பிள்ளை, அந்தத் தரையில் முதன்முதலாகக் கால் வைக்கும்போது திணறிப் போகிறான். எனவே பதின்மூன்று, பதினான்கு வயதுக்குள் செயற்கைத் தரையில் பயிலும் வாய்ப்பு கிடைக்கிறதா என்பது முக்கியமான கேள்வி.

இன்னொன்றையும் பெற்றோர் அறிய வேண்டும். ஒரு காலத்தில் முன்கள வீரர் முன்னே நின்று பந்துக்குக் காத்திருப்பார். இன்று ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கிறது. வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முன்கள வீரர் சில நிமிடங்கள் முழு வேகத்தில் ஓடி, வெளியே வந்து மூச்சு வாங்கி, மீண்டும் உள்ளே செல்கிறார். பந்தை இழந்தால் முதல் தற்காப்பு வீரரும் அவரே. "என் பையன் கோல் அடிக்கிறான்" என்று மகிழும் தந்தை, "பந்தை இழந்ததும் திரும்பி ஓடுகிறானா?" என்றும் பார்க்க வேண்டும். தேர்வாளர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

படைக்கலத் தொழிற்சாலையின் பிள்ளை

துவாக்குடிக்கு அருகில் படைக்கலத் தொழிற்சாலை இருப்பதைச் சொன்னோம் அல்லவா? அதே போன்றதொரு தொழிற்சாலை புணே நகரின் கட்கியில் உண்டு. அங்கே மைதானப் பராமரிப்பாளராகப் பணியாற்றிய ஒரு தமிழரின் மகனாக 1968ல் பிறந்தவர்தான் தன்ராஜ் பிள்ளை. புதிய மட்டை வாங்க வசதியில்லை. உடைந்த மட்டையைச் சேர்த்துக் கட்டி, பிறர் எறிந்த பந்தைப் பொறுக்கி, அண்ணன் தம்பிகள் ஆடிப் பழகினார்கள்.

வறுமையிலிருந்து வந்தார் என்பதை எல்லாரும் சொல்வார்கள். நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நடந்ததை. மூத்த சகோதரர் ரமேஷ் மும்பையில் ஒரு நிறுவன அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். தன்ராஜ் அவரிடம் போய்ச் சேர்ந்தார். அண்ணனின் கண்காணிப்பில் பயின்றார். பிறகு மஹிந்திரா நிறுவன அணியில் சேர்ந்து, முன்னாள் இந்திய வீரர் ஜோவாக்கிம் கர்வாலோவிடம் பயிற்சி பெற்றார். 1989ல் இந்திய அணியில் இடம் கிடைத்தது. 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகள். 1998ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அணித்தலைவராகத் தங்கம். ஜெர்மனியிலும் மலேசியாவிலும் வங்கதேசத்திலும் கழக அணிகளில் ஆட்டம். இவ்வளவு உயரத்துக்கும் அடிப்படையாக இருந்தவை மூன்று: வழிகாட்ட வீட்டில் ஓர் ஆள், மாதச் சம்பளம் தரும் ஓர் அணி, திருத்திச் சொல்லும் ஒரு பயிற்சியாளர். திறமை மட்டும் இருந்து இந்த மூன்றும் இல்லாமல் போன பிள்ளைகளின் பெயர்களை நாம் அறியோம். அதனால்தான் அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

அரியலூரிலிருந்து ஜகார்த்தாவுக்கு

இது பழைய கதை என்று கருதுவோர் நம் பக்கத்து மாவட்டத்தைப் பார்க்கட்டும். அரியலூரைச் சேர்ந்தவர் கார்த்தி செல்வம், முன்கள வீரர். எளிய குடும்பத்துப் பிள்ளை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோவில்பட்டியில் நடத்தும் ஹாக்கி மையத்தில் தங்கிப் பயின்றார். அங்கே அவருடன் பயின்ற மற்றொரு முன்கள வீரர் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேல். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இருவரும் இடம்பெற்றார்கள். முதல் ஆட்டம் பாகிஸ்தானுக்கு எதிரானது. அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் கார்த்தி. அந்தப் போட்டியில் இந்தியா வெண்கலம் வென்றது.

2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. சொந்த மாநில ரசிகர்களின் முன்னே மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்திலும், ஜப்பானுக்கு எதிரான அரையிறுதியிலும் கார்த்தி கோல் அடித்தார். ஆகஸ்ட் 12 அன்று இறுதி ஆட்டத்தில் மலேசியாவை 4-3 என வென்று இந்தியா கோப்பையைக் கைப்பற்றியது.

இங்கே நிறுத்திவிட்டால் இது இனிய கதை. ஆனால், அடுத்த மாதமே சீனாவின் ஹாங்சோவில் தொடங்கிய ஆசிய விளையாட்டுக்கான அணியில் அவர் பெயர் இல்லை. 2024 பாரீஸ் ஒலிம்பிக் அணியிலும் இல்லை. அவர் தவறிழைத்ததால் அன்று. முன்களத்தில் இருக்கும் இடங்கள் ஐந்து, போட்டியிடுவோர் பலர் என்பதால். கோப்பையை ஏந்திய கை, சில வாரங்களில் அழைப்புக் கடிதத்துக்குக் காத்திருக்கும் கையாகிவிடுகிறது. தொழில்முறை விளையாட்டின் இயல்பே இதுதான். இதைத் தாங்கும் மனத்தை மைதானம் தராது; வீடுதான் தரவேண்டும்.

பனித்தரையில் ஒரு முஸ்லிம் இளைஞர்

காத்திருத்தலின் அருமையை இன்னும் தெளிவாகக் காட்டும் வரலாறு கனடாவில் இருக்கிறது. அங்கே ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தரையில் இரும்பலகு பொருத்திய காலணியுடன் சறுக்கி ஆடும் ஹாக்கி. ஓர் அணிக்கு ஆறு பேர். பந்துக்குப் பதில் தட்டையான ரப்பர் வில்லை. முன்கள வீரர் முக்கால் நிமிடம் போல உயிரைக் கொடுத்துச் சறுக்கிவிட்டு வெளியே வருவார். முகமும் தோளும் மோதும் முரட்டு ஆட்டம்.

லெபனானிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தில் 1990 அக்டோபரில் ஒண்டாரியோ மாநிலத்தின் லண்டன் நகரில் பிறந்தவர் நாஸிம் காத்ரி. பதின்பருவத்தில் கிச்சனர், லண்டன் ஆகிய ஊர்களின் இளையோர் அணிகளில் ஆடினார். 2009ல் வட அமெரிக்கத் தொழில்முறைக் கழகங்கள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஏழாவது ஆளாக டொராண்டோ அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்போது வயது 18. நாடு முழுவதும் பெயர் தெரிந்தது. "இனி என்ன குறை?" என்று உற்றாரும் நண்பர்களும் எண்ணியிருப்பார்கள்.

நடந்தது வேறு. 2010 பிப்ரவரியில் முதல் அணியில் ஒரே ஓர் ஆட்டம். பிறகு துணை அணிக்கு அனுப்பப்பட்டார். அடுத்த சில ஆண்டுகள் மேலும் கீழுமாக அலைந்தார். உடற்கட்டு போதாது, உணவில் கட்டுப்பாடு போதாது என்ற விமர்சனங்களைப் பொதுவெளியிலேயே கேட்க வேண்டியிருந்தது. 2012-13 பருவத்தில்தான் 48 ஆட்டங்களில் 18 கோலும் 26 கோலுதவியும் செய்து தம் இடத்தை உறுதி செய்துகொண்டார். தேர்வான நாளுக்கும் நிலைபெற்ற நாளுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்!

அதன் பின்னும் சோதனை முடியவில்லை. சினத்தை அடக்கமாட்டாமல் முக்கியமான கட்டங்களில் முரட்டு மோதல் புரிந்து 2018, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் தடை பெற்றார். 2019ல் டொராண்டோ அணி அவரைக் கொலராடோவுக்கு மாற்றிவிட்டது. இதனிடையே 2021 ஜூன் 6 அன்று அவருடைய சொந்த ஊரான லண்டனில், முஸ்லிம்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குடும்பத்தின் மீது வாகனத்தை ஏற்றி நால்வரைக் கொன்றான் ஒரு கொடியவன்.

2022 மே மாதம். செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணிக் கோல் காப்பாளர் மீது காத்ரி மோத நேர்ந்தது. உடனே இனவெறி வசைகளும் மிரட்டல்களும் அவர் மீது பொழிந்தன. பழைய காத்ரியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ! இம்முறை அவர் அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். அதற்கடுத்த சுற்றில் கட்டைவிரல் முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில் திரும்பி வந்து, கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தார். ஜூன் 26 அன்று கொலராடோ அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. அக்கோப்பையில் பெயர் பொறிக்கப்பட்ட முதல் முஸ்லிம் வீரர் அவரே. வெற்றி பெற்ற ஒவ்வொரு வீரரும் ஒரு நாள் கோப்பையைத் தம் ஊருக்குக் கொண்டுசெல்வது மரபு. ஆகஸ்ட் மாதம் காத்ரி அதைத் தம் ஊர்ப் பள்ளிவாசலுக்குக் கொண்டு சென்றார். துயரத்தில் தோய்ந்திருந்த அந்த ஜமாஅத்தின் பிள்ளைகள் அன்று முகம் மலர்ந்தார்கள்.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

இத்தகைய வரலாறுகளைப் படித்ததும் நெஞ்சம் துள்ளும். துள்ளட்டும், ஆனால் கணக்கையும் பாருங்கள். இந்தியாவில் தொழில்முறைப் போட்டியான ஹாக்கி இந்தியா லீக் 2013ல் தொடங்கி 2017ல் நின்றுபோனது. ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பர் 28ல் மீண்டும் தொடங்கியது. தமிழ்நாடு டிராகன்ஸ் என நம் மாநிலத்துக்கும் ஓர் அணி அமைந்தது. அந்தப் பருவத்துக்கான ஏலத்தில் அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என மூன்று நிலைகளில் இருந்தது. மிக உயர்ந்த தொகையாக இந்திய அணித்தலைவர் ஹர்மன்ப்ரீத் சிங்குக்கு 78 லட்சம் கிடைத்தது.

அந்தப் பருவத்தில் ஆண்கள் அணிகள் எட்டு. ஓர் அணிக்கு 24 பேர். அவர்களில் இந்தியர் 16. அந்தப் பதினாறில் நால்வர் இளையோர். ஆக, நாடு முழுமைக்கும் 128 இடங்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு முன்கள வீரர்களுக்கு என்று கொண்டால் நாற்பது சொச்சம். இத்தனை பெரிய தேசத்தில் நாற்பது சொச்சம்! இதே லீக் ஏழாண்டுகள் நடைபெறாமலே கிடந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே, ஹாக்கியை மட்டுமே நம்பி மற்றக் கதவுகளை அடைத்துவிடும் தந்தை அறிவுடையவர் ஆகார்.

ஆனால், ஏணியின் உச்சிப்படி மட்டுமே படியன்று. மாநில அளவிலும் தேசிய அளவிலும் ஆடிய சான்றிதழ்கள் கல்லூரிச் சேர்க்கையில் உதவுகின்றன. தமிழக அரசுப் பணிகளில் தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, ராணுவம், பொதுத்துறை நிறுவனங்கள் தம் அணிகளுக்கு வீரர்களைப் பணியில் அமர்த்துகின்றன. முஹம்மது ஷாஹித் கூட ரயில்வே அலுவலராகவே வாழ்ந்தவர். "விளையாட்டு சோறு போடுமா?" என்ற கேள்விக்கு விடை இதுதான்: தனியாக நின்று போடுவது அரிது, கல்வியோடு சேர்ந்து நின்றால் போடும்.

வீடு செய்ய வேண்டியவை

முதலாவது, வயதும் காலமும். ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்க்கை நடைபெறுகிறது. கோடை விடுமுறையை ஒட்டித் தேர்வு அறிவிப்பு வரும். திருச்சி மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருந்தால் பல கதவுகள் மூடிவிடும்.

இரண்டாவது, உண்மை. தேசியப் போட்டிகள் 16 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிக்கப்பட்டுள்ளன. பிள்ளையின் வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தரும் இடைத்தரகர்கள் எல்லா விளையாட்டுகளிலும் உண்டு. அந்த வாசலை மிதிக்காதீர்கள். பொய்யின் மீது கட்டிய வாழ்வில் பரக்கத் இராது. பிடிபட்டால் விளையாட்டும் போகும், மானமும் போகும்.

மூன்றாவது, மார்க்கம். விடுதிக்கு அனுப்புமுன் உணவு ஹலாலா, தொழுகைக்கு இடமும் நேரமும் கிடைக்குமா என்று நேரில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ரமளானில் பயிற்சி நேரத்தை மாற்ற இயலுமா என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கடைசி நாளில் போய் நின்றால் சங்கடம்; ஒரு மாதம் முன்பே சொன்னால் பெரும்பாலோர் ஒத்துழைப்பார்கள்.

நான்காவது, உடல். ஹாக்கிப் பந்து கல்லைப் போன்றது. 160 கிராம் அளவு எடை. காலுக்குக் கவசமும் பல்லுக்குக் காப்பும் இன்றி மகனை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். பெருநாளைக்கு வாங்கும் இரண்டு சட்டைகளில் ஒன்றைக் குறைத்தாலும் இவற்றை வாங்கிவிடலாம். முட்டை, பருப்பு, பழம், போதிய உறக்கம் ஆகிய எளியவற்றை உம்மாமார்கள் கவனித்தாலே போதும்.

ஐந்தாவதும் தலையாயதும், தோல்வி நாளன்று நீங்கள் பேசும் பேச்சு. தேர்வுப் பட்டியலில் பெயர் இல்லாமல் வீடு திரும்பும் பிள்ளையிடம், "அப்போதே சொன்னேன், கேட்டாயா?" என்று சொல்லாதீர்கள். "சாப்பிடு, தொழு, தூங்கு, நாளைக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதே போல், கோல் அடித்த நாளில் தெருவெங்கும் தம்பட்டம் அடிக்கவும் வேண்டாம். இரண்டு நாள்களிலும் வீட்டில் ஒரே முகத்தைக் காணும் பிள்ளை, வெளியே எந்த முகத்தைக் கண்டும் கலங்கமாட்டான்.

பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு நாள் அமர்ந்து கணக்குப் பாருங்கள். மாநில அணியின் வாயிலைக்கூட எட்டவில்லை எனின், மட்டையை மாலை நேரத்துக்கு வைத்துக்கொண்டு படிப்பையும் தொழிலையும் முன்னே நிறுத்துங்கள். அதில் இழிவில்லை. பத்தாண்டுப் பயிற்சி தந்த உடல் வலிமையும், நேரந்தவறாமையும், கூட்டாக உழைக்கும் பண்பும் பட்டறையிலும் அலுவலகத்திலும் கைகொடுக்கும். எட்டியிருப்பின், துணிந்து மேலே அனுப்புங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன் மீது நம்பிக்கை வைக்கக் கற்றுத் தந்த நபியின் (ஸல்) உம்மத்தினர் நாம். கட்டுவது நம் கடமை, முடிவு அவனுடையது. துவாக்குடியின் மண் தரையில் இன்று மாலையும் ஏதோ ஒரு பிள்ளை மட்டையோடு ஓடிக்கொண்டிருப்பான். அவனுடைய அத்தா ஒருநாள் பட்டறையிலிருந்து சற்று முன்னதாகப் புறப்பட்டு, மைதானத்தின் ஓரத்தில் கால்மணி நேரம் நிற்கட்டும். விடை தேடும் பயணம் அங்கிருந்து தொடங்கட்டும். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஈருலகிலும் நற்பேறு அருள்வானாக! ஆமீன்.